நீர் தெளித்தலும் தெறித்தலும்

ஆங்கிலத்தில் ‘ஸ்பிளாஷ்’ என்பது மிக எளிய சொல். குழந்தை தொட்டி நீரைக் கையால் அடித்தாலும் ஸ்பிளாஷ். குளத்தில் கல் விழுந்தாலும் ஸ்பிளாஷ். வண்டிச் சக்கரம் வழிநடப்போர் வேட்டியின்மேல் சேற்றை வாரியடித்தாலும் அதுவே. செல்வர் ஒருவர் கண்மண் தெரியாமல் பணத்தைச் செலவிட்டாலும், செய்தித்தாள் ஒரு செய்தியை முதற் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வெளியிட்டாலும், அச்சொல்லே அங்கும் வந்து நிற்கும். ‘பிளாஷ்’ என்ற பழஞ்சொல்லின் முன்னே ஓர் ஒலி சேர்ந்து, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது வழக்கிற்கு வந்தது. நீர் எழுப்பும் ஓசையைப் போன்றே ஒலிப்பதால், பொருள் அறியாதவர்க்கும் ஓரளவு பொருள் விளங்கும். ஆனால், அந்நீரை எழுப்பியவர் யார், வேண்டுமென்று செய்தாரா, தானே நிகழ்ந்ததா, எவ்வளவு நீர் என்பவற்றுள் எதனையும் அச்சொல் தெரிவிப்பதில்லை.

இச்சொல்லைத் தமிழாக்க வேண்டிய மாணவர் பெரும்பாலும் ‘தெளித்தான்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்வர். சில இடங்களில் அது பொருந்தும். பல இடங்களில் பொருந்தாது. ‘பேருந்து அவர்மீது சேற்றைத் தெளித்தது’ என்று எழுதினால், பேருந்து கையில் செம்பு ஏந்தி வாசலில் நிற்பதுபோல் ஆகிவிடும். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த உழவர் எவரும் அவ்வாறு கூறார். அவர் நாவில் தெளித்தல் வேறு, தெறித்தல் வேறு. இறைத்தல் வேறு, விசிறுதல் வேறு. சிந்துதல், சிதறுதல், தளும்புதல், அளைதல், குடைதல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பவை. இவ்வேறுபாடுகளை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. சேற்றிலும் நீரிலும் நாள்தோறும் நின்ற கால்களே அவருக்கு அவற்றைக் கற்பித்தன.

காவிரி ஆறு தானே பெரிதாக நீரை வாரியடிப்பது தஞ்சை மண்ணில் அன்று. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, ஒகேனக்கல்லில் பாறைகளிடையே வீழும்பொழுதுதான் அதன் ஆரவாரம் மிகுதி. அங்கு எழும் நீர்த்திவலைகள் புகைபோல் வானில் மிதப்பதனால், கன்னட மொழியில் ‘புகையும் கல்’ எனப் பொருள்படும் பெயர் அவ்விடத்திற்கு வாய்த்தது. பின்னர் மேட்டூரில் அணையால் தடுக்கப்பட்டு, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்தனுப்பி, கல்லணையை அடைகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, மக்கள் ‘புது ஆறு’ என வழங்கும் கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. அதற்குக் கீழே நிலம் பலகைபோல் சமமானது. சரிவு மிகச் சிறிது. ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, மடைவழியே வயலுள் நுழையும்போது நீர் நடப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, சோழ நாட்டில் நீரை எழுப்புவன பாறைகள் அல்ல. மனிதரின் கைகளும், கூடைகளும், மாடுகளின் குளம்புகளும், மண்வெட்டிகளுமே. அந்நாட்டு நீர்ச்சொற்களில் பல தொழிற்சொற்களாக இருப்பதன் காரணம் இதுவே.

முதலில் தெளித்தலைக் காண்போம். விடியற்காலையில் பெண்கள் சாணம் கரைத்த நீரை வாசலில் தெளிக்கின்றனர். புழுதி அடங்குகிறது, அதன்மேல் கோலம் அமைகிறது. கையில் அள்ளிய நீரை விரலிடை வழியாகச் சிறு சிறு துளியாக, பரப்பு முழுவதும் ஒரே அளவில் விழுமாறு விடுவதே தெளித்தல். அதில் கருத்தும் உண்டு, அளவும் உண்டு. திருமண வாயிலில் பன்னீர்ச் செம்பிலிருந்து விருந்தினர்மேல் பன்னீர் தெளிப்பதும் இவ்வாறே. ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் அது தெளித்தல் ஆகாது.

இச்சொல் வாசலிலிருந்து வயலுக்குச் செல்கிறது. நாற்றங்காலில் விதைப்பதைத் தஞ்சைப் பகுதியில் ‘விதை தெளித்தல்’ என்பர். நெல்லை நீரில் ஊறவைத்து, முளை கட்டி, முளை சிறிதே வெளித்தோன்றியதும் நாற்றங்காலுக்கு எடுத்துச் செல்வர். நாற்றங்காலோ உழுது, பரம்படித்து, சேறு குழம்பாக இருக்கும். கலங்கல் அடங்குமுன் விதையை இட்டால், அது சேற்றில் புதைந்து அழுகிவிடும். சேறு கீழே படிந்து, மேலே நீர் கண்ணாடிபோல் ஆகும்வரை காத்திருந்து, அதன்பின்னரே கைவீசி விதைப்பர். நீர் தெளிந்த பிறகே விதை தெளிக்கப்படுகிறது. ‘தெளி’ என்னும் ஓர் அடியே அங்கு இருமுறை வேலை செய்கிறது. தெளிந்தது என்பது தன்வினை. தெளித்தார் என்பது பிறவினை வடிவம். கலங்கிய நீர் தெளிவதும், கலங்கிய உள்ளம் தெளிவதும், கற்றவன் ஐயம் தெளிவதும் ஒரே சொல்லின் கிளைகள். மயங்கி விழுந்தவன் முகத்தில் நீரைத் தெளிக்கின்றனர், மயக்கம் தெளிகிறது. இதனை ஆங்கிலத்தில் கூற இரு வேறு சொற்கள் தேவைப்படும். தமிழில் ஒன்றே போதும். இரண்டும் ஒரே மூலத்தினவா, ஒலியால் ஒன்றுபட்டவையா என்று ஆராய்வது சொல்லாராய்ச்சியாளர் பணி. வயலில் நிற்பவர்க்கு அவை ஒன்றாகவே தோன்றும்.

‘அவனுக்குத் தண்ணீர் தெளித்து விட்டாயிற்று’ என்ற வழக்கும் உண்டு. பலியிடக் கொண்டுவந்த ஆட்டின்மேல் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்துக்கொண்டால் தெய்வம் உடன்பட்டது என்று கொள்வது நாட்டுப்புற நம்பிக்கை. அதிலிருந்து, இனி இவன் நமக்குரியவன் அல்லன், எப்படியேனும் போகட்டும் என்று ஒருவனைக் கைவிடுவதற்கு இத்தொடர் ஆகிவந்தது. சொல்வோர் சிரித்துக்கொண்டே சொல்லினும், அதன் பின்னே ஓர் ஆடு நின்றுகொண்டிருக்கிறது.

தெறித்தலில் கருத்துக்கு இடமில்லை. ஒரு பொருள் மற்றொரு பொருளின்மேல் மோதுகிறது. மோதிய வேகத்தில் நீரோ சேறோ பொறியோ சிதறிப் பறக்கிறது. உழவுக்குமுன் வயலில் நீர் தேக்கி மண்ணை ஊறவைப்பதைச் ‘சேடை’ என்பர். சேடை கட்டிய வயலில் மாடுகள் காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் உழவர் மார்புவரை சேறு தெறிக்கும். கொல்லன் பட்டறையில் தீப்பொறி தெறிக்கும். வில்லின் நாண் தெறிக்கும். பயத்தில் ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இவை யாவற்றிலும் விசை உண்டு; விருப்பம் இல்லை. ‘சேற்றில் கல்லை எறிந்தால் தன்மேல்தான் தெறிக்கும்’ என்ற பழமொழியில் எறிதலும் தெறித்தலும் எவ்வளவு திருத்தமாகப் பிரிந்து நிற்கின்றன! எறிந்தவன் அறிந்தே எறிந்தான். தெறித்ததை அவன் விரும்பவில்லை.

தெறிப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூலே உண்டு. ஆர்தர் மேசன் வொர்திங்டன் என்ற ஆங்கில இயற்பியல் அறிஞர், ஒரு துளி நீர்ப்பரப்பில் விழும்போது நிகழ்வது என்ன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த காலத்தில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அது. இருட்டறையில் துளியை விழச்செய்து, மின்பொறியின் ஒளியில் ஒருகணம் மட்டும் தோன்றும் உருவத்தைக் கண்டு, அதனை உடனே வரைந்துகொள்வார். விழுந்த இடத்தில் குழி தோன்றும். அதன் விளிம்பு மேலெழுந்து, நுனிதோறும் முத்துப் பதித்த மகுடம்போல் நிற்கும். பின்னர் குழி மூடி, நடுவிலிருந்து ஒரு நீர்த்தூண் எழும். அவர் வரைந்த மகுடங்கள் எல்லாம் எப்பக்கமும் ஒத்த அழகுடன் விளங்கின. பின்னாளில் புகைப்படக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியபொழுது, உண்மையான தெறிப்பு அவ்வாறு ஒழுங்கானதன்று, ஒருபுறம் சாய்ந்தும் உடைந்தும் காணப்படுவது என்று தெரிந்தது. கண் கண்டதை மனம் திருத்திவிட்டிருந்தது. அதனை மறைக்காமல் எழுதியது அவருடைய பெருமை. அவருடைய ‘தெறிப்புகளைப் பற்றிய ஆராய்ச்சி’ என்னும் நூல் 1908ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்த மகுடங்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சை வயல்களில் எண்ணிலடங்காமல் தோன்றி மறைகின்றன. வடகிழக்குப் பருவமழையின் பெருந்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ முப்பது அடி வேகத்தில் மண்ணை அடைகிறது. அது விழுந்த இடத்தில் மண்துகள்கள் தெறித்துப் பறக்கின்றன. மண்சுவர் வீடுகளின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்திற்குச் செம்மண் கறை படிந்திருப்பது இதனாலேயே. பயிருக்கு வரும் துன்பமும் உண்டு. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய், காற்றோடு கூடிய மழையில் ஓர் இலையிலிருந்து தெறிக்கும் துளி வழியாக அடுத்த இலைக்குச் செல்கிறது. பெருமழை பெய்து ஓய்ந்த சில நாள்களில் சம்பாப் பயிரின் இலைநுனிகள் மஞ்சளித்துக் காய்வதைக் கண்டு உழவர் முகம் வாடுவது ஒரு சிறு துளியின் தெறிப்பால் வந்த வினையாகவும் இருக்கலாம்.

இறைத்தல் என்பது பாசனச் சொல். தாழ்ந்த இடத்து நீரை மேட்டு நிலத்திற்கு முகந்து வீசுவதே அது. கிணற்றிலிருந்து இறைக்க ஏற்றமும் கவலையும் உண்டு. வாய்க்காலின் நீர்மட்டம் வயலினும் தாழ்ந்திருக்குமாயின் இறைகூடையே துணை. கூடையின் இருபுறமும் கயிறு கட்டி, இருவர் எதிரெதிரே நின்று, குனிந்து முகந்து, நிமிர்ந்து வீசுவர். இருவர் கையும் ஒருங்கே இயங்காவிடில் நீர் பாதி வழியிலேயே சிந்திவிடும். ஆகையால் இறைப்போர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் இறைப்பது வழக்கம். ஏற்றப்பாட்டு என்னும் ஓர் இலக்கிய வகையே இத்தொழிலின் மூச்சிலிருந்து பிறந்தது. வேலை கடியது, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை நீள்வது. அவ்வாறு வருந்தி இறைத்த நீர் நெல்லுக்குச் செல்லாமல் பயனற்ற கோரைப் புல்லுக்குச் சென்றால் உண்டாகும் நோவே ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்ற தொடர். கூடை பிடித்த கையின் வலியை அறியாதவர்க்கு அத்தொடரின் கசப்பு முழுவதும் விளங்காது. ‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும்’ என்பதும் அத்தொழில் தந்த பழமொழியே.

பணத்தை ‘வாரி இறைத்தான்’ என்று தமிழர் கூறுவர். ஆங்கிலேயர் பணச் செலவுக்கு ‘ஸ்பிளாஷ்’ என்பதைப் பயன்படுத்துவதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரு மொழியினரும் பணத்தை நீராகக் கண்டனர். ஆயினும் ஆங்கிலச் சொல்லில் விளையாட்டின் ஆரவாரமே மிகுதி. தமிழ்ச் சொல்லில், அரிதின் முகந்ததை வீணே வீசுகின்றானே என்ற வருத்தம் கலந்திருக்கிறது. உண்ணும்பொழுது தட்டைச் சுற்றிப் பருக்கையைப் பரப்பும் குழந்தையிடம், ‘சோற்றை இறைக்காதே, கண்ணே’ என்று தாய் கூறும் சொல்லிலும் அவ்வருத்தமே இருக்கிறது.

சிந்துதல், சிதறுதல், தளும்புதல் ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கலத்தில் நில்லாமல் வழிந்து விழுவது சிந்துதல். கண்ணீரும் வியர்வையும் குருதியும் சிந்துவன. பல திசையிலும் பிரிந்து செல்வது சிதறுதல். கோயில் வாயிலில் உடைக்கும் சிதறுதேங்காய் அதற்குச் சான்று. கலத்தினுள்ளேயே நீர் அலைந்து விளிம்பைத் தொடுவது தளும்புதல். ஆற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்த பெண்களே ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதை முதலில் அறிந்திருப்பர். நிறைந்த குடத்தில் நீர் அலைய இடமில்லை; அரைக்குடமே வழியெல்லாம் ஓசையிட்டு இடுப்பை நனைக்கும். மலரையும் நெல்மணியையும் தூவுதல் என்று கூறுவரேயன்றித் தெளித்தல் என்று கூறார். ஆனால், விதையை மட்டும் தெளிப்பர். மொழி தன் விதியைத் தானே எங்கே மீறும் என்று முன்னரே கூறுவது அரிது.

இதுவரை கூறியவை தொழிலின் சொற்கள். மகிழ்ச்சிக்கு உரியவை அளைதலும் குடைதலும். நீரையோ கூழையோ கையால் அளாவித் துழாவுதல் அளைதல். திருவள்ளுவர் மக்கட்பேற்றைக் கூறும் அதிகாரத்தில், குழந்தையின் சிறுகை அளாவிய கூழ் பெற்றோர்க்கு அமிழ்தத்தினும் இனிது என்கிறார். அங்கே அளாவுதல் என்பதற்குப் பதிலாகத் தெளித்தல் என்றோ சிந்துதல் என்றோ இட்டுப் பார்த்தால், குழந்தையே மறைந்துவிடும். நீருள் அமிழ்ந்து, கையாலும் தலையாலும் நீரைப் பிளந்து ஆடுவது குடைதல். ஆண்டாள் மார்கழி நீராட்டைக் கூறும்போது இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

புதுப்புனல் வரும்பொழுது காவிரிக்கரை முழுவதும் இம்மகிழ்ச்சி பரவுகிறது. ஆடி மாதம் பதினெட்டாம் நாள் திருவையாற்றுப் படித்துறையிலும் கும்பகோணத்துத் துறைகளிலும் மக்கள் திரள்கின்றனர். பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்து ஆற்றை வணங்குவர்; சித்திரான்னங்களைக் கரையில் அமர்ந்து உண்பர்; சிறுவர் சிறு சப்பரங்களைத் தெருவெங்கும் இழுத்துச் செல்வர். ஆனால், காவிரி விளையாட்டுத் தோழி மட்டும் அன்று. கழார் என்னும் காவிரித் துறையில் நடந்த நீர்விழாவில், ஆட்டனத்தி என்பவனை வெள்ளம் இழுத்துச் சென்றது என்று அகநானூற்றில் பரணர் கூறுகிறார். நீராட்டில் அவனுக்கு நிகரானவர் இல்லை என்பது புகழ். அவன் காதலி ஆதிமந்தி, கரை நெடுக அவனைத் தேடி அழுதுகொண்டே சென்றாள். அவளைக் கரிகாலன் மகள் என்று சிலப்பதிகாரம் கூறும். இக்காலத்திலும் ஆற்றில் நீர்வரத்து மிகும் ஆண்டுகளில், ஆடிப்பெருக்கன்று ஆழ்ந்த இடங்களில் இறங்கவேண்டா என்று அரசு அலுவலர் எச்சரிக்கின்றனர். நீந்தத் தெரிந்தவர்க்கே அவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டப்படுவது.

நீர்விளையாட்டைப் பற்றி மிக விரிவாகக் கூறும் பழந்தமிழ் நூல் பரிபாடல். அது வையையைப் பாடுவது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர், 1918ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்தார். நீராடுவோர் ஒருவர்மேல் ஒருவர் நீரை வீசக் கருவிகளும் இருந்தன. குழலில் நீரை நிரப்பிப் பீச்சும் கருவிக்குச் ‘சிவிறி’ என்று ஒரு பெயர் உண்டு. இலக்கணப் பாடத்தில், எழுத்து முன்பின்னாக மாறிய இலக்கணப்போலிக்குத் ‘தசை, சதை’ என்பதோடு ‘விசிறி, சிவிறி’ என்றும் எடுத்துக்காட்டுத் தருவர். காற்றை வீசுவது விசிறி. விசிறுவது எதுவாயினும் விசையோடு அகல வீசுவதே. வலையை விசிறுகின்றனர், நீரையும் விசிறுகின்றனர். தெளிப்பதில் உள்ள மென்மை விசிறுவதில் இல்லை.

ஓசைகளைக் கூறும் சொற்களைத் தனியே எண்ணவேண்டும். ஆங்கிலம் ஓசையையும் செயலையும் ஒரே சொல்லில் அடக்கியது. தமிழ் ஓசையைத் தனியே நிறுத்தி, ‘என’ என்னும் இடைச்சொல்லால் வினையோடு சேர்த்தது. மதகின்வழி நீர் குபுகுபுவெனப் பாயும். வாய்க்காலில் சலசலவென ஓடும். குடத்தை மடமடவெனக் கவிழ்ப்பர். இவை இரட்டைக்கிளவிகள், இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தாரா என்று தொல்காப்பியர் வரையறுத்தார். நடவு நாளில் வரப்பில் நிற்பவர் கேட்கும் ஓசைகளோ ஒற்றையாக வரும். நாற்றைப் பறிக்கும் பெண்கள் வேரிலுள்ள சேறு போகக் காலில் அடித்து நீரில் அலசுவர். அது ‘சளப்’ என்னும். கட்டிய முடியை நடவு வயலில் வீசுவர். அது ‘தொப்’ என விழும். முன்னதில் நீரே மிகுதி, பின்னதில் சேறே மிகுதி என்பதனைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரும் கூறிவிடலாம்.

இச்சொற்களை ஏட்டில் ஏற்றிய வரலாற்றிலும் காவிரி நாட்டிற்குப் பங்குண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, 1732ஆம் ஆண்டு சதுரகராதியை இயற்றினார். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, கடற்கரையில் வழங்கிய சொற்களையும் நூல்களில் கண்ட சொற்களையும் ஆயிரக்கணக்கில் தொகுத்தார். 1740இல் அதே ஊருக்கு வந்து பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுசு, தமிழ் ஆங்கில அகராதி ஒன்றை 1779இல் வெளியிட்டார். அது பின்னாளில் தரங்கம்பாடியிலேயே திருத்தி அச்சிடப்பட்டது. இவற்றின் மேலெழுந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அதன் பதிப்பாசிரியராகப் பிற்பகுதியில் எஸ். வையாபுரிப் பிள்ளை விளங்கினார். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அகராதி பொருளைத் தரும். எச்சொல் எக்கையின் அசைவுக்கு உரியது என்பதை அசைவைக் கண்டவரே அறிவர். பிறநாட்டிலிருந்து வந்த அம்மூவரும் மீனவரோடும் உழவரோடும் பேசிப் பழகியதன் பயன் அவர்கள் தொகுப்புகளில் தெரிகிறது.

அந்த அசைவுகள் குறைந்து வருகின்றன. எண்ணெய் எந்திரமும் மின்விசை இறைப்பியும் வந்தபின் இறைகூடை பரணுக்குச் சென்றது. நாற்றுநடும் எந்திரம் வந்த வயல்களில் முடி வீசும் ஓசை இல்லை. தொழில் மறைந்தால் சொல்லும் உடனே மறைந்துவிடும் என்று கூறிவிடவும் முடியாது. பயிருக்கு மருந்து அடிக்கும் கருவிக்குத் ‘தெளிப்பான்’ என்று பெயர் வைத்தபொழுது, எவரும் அகராதியைப் புரட்டவேண்டியிருக்கவில்லை. ‘தெளிப்புநீர்ப் பாசனம்’ என்பதும் அவ்வாறே பிறந்து, சிற்றூர்களில் தடையின்றி வழங்குகிறது. இறைகூடையைக் கண்டிராத சிறுவரும் பணத்தை வாரி இறைப்பதைப் பற்றிப் பேசுகின்றனர். ஆனால், அவர்கள் நாவில் அத்தொடரின் பளு பாதியாகக் குறைந்திருக்கிறது.

சொல் மாறுவது நீரின் வரவைப் பொறுத்தும் நிகழ்கிறது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் நாள் அதன் மதகுகளைத் திறப்பது மரபாயிற்று. திறந்த நீர் கல்லணையை அடையச் சில நாள் ஆகும். அங்கு மலரும் நெல்லும் தூவி அதனை வரவேற்பர். அந்நாள் எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள்தான் நீர் திறக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டிலோ மே 24ஆம் நாளே திறக்கப்பட்டது. நீர் காலந்தாழ்ந்து வரும் ஆண்டுகளில் நாற்றுவிட்டு, பறித்து, நடுவதற்குரிய நாள்கள் போதமாட்டா. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் நீர் வந்து சேர்வது இன்னும் தாமதமாகும். அங்குள்ள உழவர் நாற்றங்காலையே விடுத்து, வயலை உழுது, மழையை நம்பி விதையை நேரே வீசிவிடுகின்றனர். அதனை அவர்கள் ‘நேரடித் தெளிப்பு’ என்கின்றனர். நாற்றங்காலின் சிறு பாத்திக்கு உரியதாயிருந்த சொல் இன்று ஊரின் வயல்வெளி முழுவதற்கும் பெயராகியிருக்கிறது. ‘இவ்வாண்டு நடவா, தெளிப்பா?’ என்று ஒருவர் வினவ, மற்றவர் விடை கூறுமுன் வாய்க்காலை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.